டேனியல் டேவிட் பால்மர்

டேனியல் டேவிட் பால்மர் (மார்ச் 7, 1845 - அக்டோபர் 20, 1913) முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் கைரோபிராக்டிக் மருத்துவ முறையைத் தோற்றுவித்தவர் ஆவார். கனடாவில் பிறந்த இவர், 1895 இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் ஒருவரின் செவிட்டுத்தன்மையை இம்முறையால் நீக்கியதாகக் கூறினார். 1897 இல் இதற்கெனப் பள்ளி நிறுவினார். 1906 இல் உரிமமின்றி மருத்துவம் செய்ததற்காகச் சிறை சென்றார். பெரும்பாலான நோய்கள் முள்ளெலும்புப் பிறழ்வால் வருகின்றன என்ற இவரது கொள்கையை அறிவியல் ஏற்கவில்லை.

இம்முறையில் கழுத்தை விரைந்து திருப்புவது இன்றும் விவாதத்திற்குரியது. மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்தால், அங்கு குருதி உறைந்து பக்கவாதம் உண்டாகலாம். ஆயினும் தமனிக் கிழிசலே கழுத்துவலியைத் தருவதால், முன்பே கிழிசல் உள்ளவரும் இச்சிகிச்சையை நாடக்கூடும். எனவே காரணத்தை உறுதிசெய்வது கடினம். இப்பாதிப்பு அரிது எனினும், சிகிச்சைக்கு முன்பே நோயாளிக்கு இதனைத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014 இல் அறிவுறுத்தியது.