பாலம் கட்டிய மருமகள்

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் "புரூக்ளின் பாலம்" என்ற பெரிய தொங்கு பாலம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற பாலம்.

அந்தப் பாலத்துக்காக மாமனார் உயிரை விட்டார். கணவர் உடல் நலத்தை இழந்தார். வேலை நின்று போகாமல் காத்து, முடித்து வைத்தவர் அந்த வீட்டு மருமகள்.

அவர் பெயர் எமிலி ரோப்ளிங். அவர் என்ஜினீயருக்குப் படித்தவர் அல்ல.

ராணுவ முகாமில்

எமிலி 1843-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் கோல்டு ஸ்பிரிங் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய அண்ணன் வாரன் ராணுவத் தளபதி. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1864-ல், அண்ணனைப் பார்க்க எமிலி ராணுவ முகாமுக்குப் போனார். அங்கே நடந்த விருந்தில் வாஷிங்டன் ரோப்ளிங் என்ற இளம் அதிகாரியைச் சந்தித்தார். இருவருக்கும் பிடித்துப் போயிற்று. 1865 ஜனவரியில் திருமணம் நடந்தது.

மாமனார் ஜான் ரோப்ளிங், தொங்கு பாலம் கட்டுவதில் பெரிய நிபுணர். அந்தக் காலத்தில் நியூயார்க்கும் புரூக்ளினும் தனித்தனி நகரங்கள். நடுவே ஈஸ்ட் ஆறு. அதைப் படகில்தான் கடக்க வேண்டும். குளிர் காலத்தில் பனிக்கட்டி மிதந்து வந்து படகை மறித்துவிடும். அந்த ஆற்றின் மேல் பாலம் கட்ட மாமனார் திட்டம் தீட்டினார்.

1869-ம் ஆண்டு அவர் கரையில் நின்று இடத்தை அளந்து கொண்டிருந்தார். அப்போது கரைக்கு வந்த படகு அவர் பாதத்தை நசுக்கிவிட்டது. ரண ஜன்னி கண்டு, சில வாரங்களில் இறந்து போனார்.

தலைமை என்ஜினீயர் பொறுப்பு மகன் வாஷிங்டன் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 32.

ஆற்றுக்கு அடியில்

பாலத்தைத் தாங்க இரண்டு பெரிய கோபுரங்கள் வேண்டும். ஆற்றுக்குள் அஸ்திவாரம் போடுவது எப்படி?

மரத்தால் ராட்சதப் பெட்டிகள் செய்தார்கள். பெட்டிக்கு அடிப்பாகம் கிடையாது. அதை ஆற்றின் தரையில் இறக்கி, உள்ளே காற்றை அழுத்தி அடைத்தார்கள். தண்ணீர் உள்ளே வராது. தொழிலாளர்கள் உள்ளே இறங்கி மண்ணைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்டப் பெட்டி கீழே இறங்கும். அதன் மேல் கோபுரம் உயரும். நியூயார்க் பக்கத்தில் 78 அடி ஆழம் வரை போனார்கள்.

அங்கேதான் ஆபத்து இருந்தது. அழுத்தமான காற்றில் வேலை செய்தவர்கள் சட்டென்று வெளியே வந்தால், ரத்தத்தில் கலந்திருந்த காற்று குமிழி குமிழியாகக் கிளம்பும். சோடா புட்டியைத் திறந்ததும் பொங்குகிறதே, அதைப் போல! மூட்டுகளில் தாங்க முடியாத வலி உண்டாகும். சிலருக்குக் கை கால் விழுந்துவிடும். சிலர் இறந்தே போனார்கள்.

தொழிலாளர்களோடு தானும் அடிக்கடி இறங்கி வேலையைப் பார்த்தவர் வாஷிங்டன். 1872-ல் அவரும் அந்த நோயில் விழுந்தார். உடம்பெல்லாம் வலி. கண் பார்வையும் மங்கியது. நாலு பேர் வந்து பேசினால்கூட அவரால் தாங்க முடியவில்லை.

பாலம் பாதியில் நிற்குமா?

எமிலி படித்தார்

முதலில் எமிலி கணவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதினார். ஆனால், எழுதுவது புரிய வேண்டுமே! அதனால் கணக்கைக் கற்றார். எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், கம்பிக் கயிறு எப்படி வளைந்து தொங்கும் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றார்.

பிறகு பாலம் கட்டும் இடத்துக்கே போக ஆரம்பித்தார். கணவரின் உத்தரவுகளை உதவி என்ஜினீயர்களிடம் சொன்னார். வேலையைப் பார்வையிட்டார். அவர்களுடைய சந்தேகங்களை வீட்டுக்குக் கொண்டு வந்தார். நாளடைவில் பல கேள்விகளுக்கு அவரே பதில் சொன்னார். உண்மையான தலைமை என்ஜினீயர் எமிலிதான் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

கணவர் புரூக்ளினில் ஆற்றைப் பார்த்த வீட்டின் ஜன்னல் ஓரத்தில் இருந்தபடி, தூரதிருஷ்டிக் கண்ணாடியில் வேலையைக் கவனித்தார்.

1882-ல் ஒரு சோதனை வந்தது. படுக்கையில் கிடப்பவருக்குத் தலைமைப் பதவி எதற்கு என்று சிலர் கிளம்பினார்கள். எமிலி கணவருக்காகப் பலரிடம் வாதாடினார். பாலக் குழு கூடி ஓட்டெடுத்தது. 10 பேர் வாஷிங்டன் பக்கம். 7 பேர் எதிர்ப்பக்கம். பதவி தப்பியது.

கையில் சேவல்

1883-ல் பாலம் முடிந்தது. திறப்பதற்கு முன்பே முதன்முதலில் வண்டியில் பாலத்தைக் கடந்தவர் எமிலி. வெற்றிக்கு அடையாளமாகக் கையில் ஒரு சேவலை வைத்திருந்தார்.

மே 24-ந் தேதி திறப்பு விழா. ஜனாதிபதி ஆர்தர் வந்தார். கோபுரங்களுக்கு இடையே பாலத்தின் நீளம் 1,595 அடி. அன்று உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம் அதுதான். விழா மேடையிலேயே எமிலியின் தொண்டு பாராட்டப்பட்டது. கணவரால் விழாவுக்கு வர முடியவில்லை. அதனால் ஜனாதிபதியே அவர் வீட்டுக்குப் போய் வாழ்த்தினார்.

எமிலி அத்தோடு ஓயவில்லை. 55 வயதில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1899-ல் சான்றிதழ் பெற்றார். மனைவிமாருக்குச் சட்டம் இழைக்கும் அநீதி பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசும் பெற்றார்.

1903-ல் எமிலி காலமானார். அப்போது அவருக்கு 60 வயது நிறையவில்லை. நோயாளிக் கணவரோ 1926 வரை, 89 வயது வாழ்ந்தார்.

அத்தனை ஆண்டுகளும் எமிலிக்கு அந்தப் பாலத்தில் எந்தப் பதவியும் கிடையாது. 1951-ல் புரூக்ளின் என்ஜினீயர்கள் சங்கம் பாலத்தில் ஒரு பெயர்ப் பலகை வைத்தது. அதில் மாமனார் பெயர் இருக்கிறது. கணவர் பெயர் இருக்கிறது.

முதலில் இருப்பது மருமகளின் பெயர்.