தனிநாயகம் அடிகளார் (1913 – 1980)

மாணவர்களே! பிறமொழி படித்தால் தாய்மொழி மறந்துவிடும் என்று சொல்வோர் நமது தோட்டங்களிலும் உண்டு. அது சரியா என்பதை இவரது வாழ்க்கையைப் படித்து நீங்களே தீர்மானியுங்கள்.

தனிநாயகம் அடிகளார் 1913 ஆகஸ்ட் 2 இல் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்றார். உரோமாபுரியில் குருத்துவக் கல்வி பெற்று 1938 இல் குருவானார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்தார். பிரெஞ்சும் அவற்றுள் ஒன்று.

1940 இல் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்தில் ஆசிரியரானார். அங்கேதான் தமது தமிழறிவு போதாது என்பதை உணர்ந்தார். அதற்காக வெட்கி ஒதுங்கவில்லை. பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பிறமொழியறிவு அவருக்கு எவ்வாறு உதவியது? 1964 இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். பிரான்சிய அறிஞர் பிலியோசா அதன் தலைவரானார். மன்றத்தின் மூன்றாவது மாநாடு 1970 இல் பாரிஸ் நகரில் நடைபெற்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1848 இல் பிரான்ஸ் தனது குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர் கப்பலேற்றப்பட்டு மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததும் அக்காலத்திலேயே. அத்தீவுத் தமிழரின் வரலாற்றை அடிகளார் ஆராய்ந்து எழுதினார். அவர்களின் சந்ததியினர் இன்று பிரெஞ்சும் கிரியோல் மொழியும் பேசுகின்றனர். மாரியம்மன் வழிபாடு எஞ்சியது; தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

மாணவர்களே! அங்கே தமிழ் மறைந்தது பிரெஞ்சு படித்ததனால் அன்று. தமிழைப் படிக்க வழி இல்லாததனால். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் உங்களுக்குத் தமிழ்ப் பாடசாலை இருக்கிறது. தமிழை முறையாகப் படியுங்கள். சிங்களம், ஆங்கிலம், வாய்ப்புக் கிடைத்தால் பிரெஞ்சும் படியுங்கள்.

அடிகளார் 1980 செப்டெம்பர் 1 இல் காலமானார்.

நினைவிற் கொள்க: உலகத் தமிழ் மாநாடுகள் – கோலாலம்பூர் 1966, சென்னை 1968, பாரிஸ் 1970, யாழ்ப்பாணம் 1974.