சிவந்த தங்கம்

கொவிட்-19 காலத்தில் வீட்டிலேயே செய்துகொண்ட சுய பரிசோதனை உங்களுக்கு நினைவிருக்கும். மூக்கிலிருந்து எடுத்த மாதிரியைக் கரைசலில் கலந்து, சில துளிகளைச் சோதனைக் கருவியில் விட்டால், சற்று நேரத்தில் ஒரு சிவப்புக் கோடு தோன்றும். அக்கருவிகள் பலவற்றில் கோட்டுக்குச் சிவப்பு நிறம் தந்தது சாயம் அன்று, தங்கம். தங்கம் எப்படிச் சிவக்கும்? இக்கேள்வியோடு தம் முதுமையில் பல மாதங்கள் போராடியவர் மைக்கேல் ஃபாரடே.

ஃபாரடே 1791ஆம் ஆண்டு லண்டன் அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றுபோனது. பதினான்காம் வயதில் ஒரு புத்தகக் கடையில் நூல் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் படிக்கவும் செய்தார். 1812ஆம் ஆண்டு, கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டுகளின் உதவியால் ராயல் கழகத்தில் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய உரைகளைக் கேட்டார். அவற்றைக் குறிப்பெடுத்து, தாமே அழகாக நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு அங்கேயே ஆய்வுக்கூட உதவியாளராக வேலை கிடைத்தது. கைத்தொழில்தான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அதன்பின் நடந்தவற்றை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1831இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இன்றைய மின்னாக்கிகளுக்கு அடிப்படை. ஆனால், அந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு துன்பமும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதுக்குப் பிறகு அவருடைய உடல்நலம் குன்றியது. நினைவாற்றல் அடிக்கடி கைவிட்டது. தாம் செய்த சோதனையைத் தாமே மறந்துவிடக்கூடும் என்ற நிலையில், ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பத்திக்கும் எண்ணிட்டு எழுதி வைக்கும் பழக்கமே அவருக்குத் துணை நின்றது.

1856ஆம் ஆண்டு, அறுபத்து நான்கு வயதில், தங்கத்தின் மீது ஒளி என்ன செய்கிறது என்று ஆராயத் தொடங்கினார். மெல்லிய தங்க ரேக்கை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், ஊடுருவி வரும் ஒளி பச்சையாகத் தெரியும். அதைவிட மெல்லிய படலம் வேண்டும் என்று, தங்கம் கரைந்த நீரைப் பாஸ்பரஸுடன் வினைபுரியச் செய்தார். அப்போது கிடைத்த நீர்மம் மாணிக்கக்கல்லைப் போலச் சிவந்திருந்தது. தங்கத்தைச் சேர்த்துக் கண்ணாடியைச் சிவப்பாக்கும் வித்தையைக் கைவினைஞர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால், காரணத்தைத்தான் எவரும் சோதித்து நிறுவவில்லை.

பார்வைக்கு அந்த நீர்மம் தெளிந்த சாயநீர் போலவே இருந்தது. ஃபாரடே ஒரு குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்து அதனுள் செலுத்தினார். சன்னலின் இடுக்கு வழியே வரும் வெயிலில் தூசு மின்னுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோல, நீர்மத்துக்குள் ஒளி சென்ற பாதை பளிச்சென்று தெரிந்தது. ஆகவே, அதில் மிதப்பவை தங்கத்தின் மிக நுண்ணிய துகள்களே என்று அவர் முடிவு செய்தார். உப்புச் சேர்த்தபோது சிவப்பு மாறி நீலமானது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நிறம் மாறும் என்பது இன்று நமக்குத் தெரியும்.

எனினும், ஃபாரடே முழு மனநிறைவு அடையவில்லை. ஒரு நிற ஒளியைத் தங்கம் வேறொரு நிற ஒளியாகவே மாற்றிவிடுகிறது என்று அவர் ஒரு கட்டத்தில் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. அன்றைய நுண்ணோக்கிகளால் அத்துகள்களைக் காணவும் இயலவில்லை. இருந்தும், 1857ஆம் ஆண்டு அரச கழகத்தில் தம் முடிவுகளைப் படித்தபோது, பலிக்காத அந்த எண்ணத்தையும் அவர் மறைக்கவில்லை. பெரும் கண்டுபிடிப்புகளுக்கு உரியவர் இதை வெளியே சொல்லாமலே விட்டிருக்கலாம்.

1867இல் அவர் இறந்தார். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1903இல், பக்கவாட்டில் ஒளி பாய்ச்சும் ஒரு நுண்ணோக்கியைச் சிக்மண்டி என்பவர் தம் துணைவர் ஒருவருடன் உருவாக்கினார். அதில் தங்கத் துகள்கள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தன.

ஒரு மில்லிமீட்டரை ஒரு மில்லியன் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கே நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளின் மீது ஒளி படும்போது, அதிலுள்ள மின்னணுக்கள் ஒருசேர அசைந்து, குறிப்பிட்ட நிற ஒளியை மிக வலுவாக உட்கவர்ந்து சிதறடிக்கின்றன. இதைத்தான் மருத்துவ ஆய்வாளர்கள் இன்று பயன்படுத்த முயல்கிறார்கள். ஒளியைக் கொண்டு உடல் திசுவைப் படமெடுத்தால் நலமான செல்லும் புற்றுநோய்ச் செல்லும் ஏறக்குறைய ஒரேபோலத் தெரியலாம். புற்றுநோய்ச் செல்லைத் தேடி ஒட்டும் புரதத்தைத் தங்கத் துகளின் மேல் பூசிவிட்டால், துகள்கள் அச்செல்லின் மீது திரண்டு, படத்தில் அதை மட்டும் பளிச்சிடச் செய்கின்றன. துகளைச் சிறு கோல் வடிவில் செய்தால், திசுவுக்குள் ஆழமாகப் போகும் அகச்சிவப்பு ஒளிக்கும் அது வினைபுரியும். ஆனால், உடலுக்குள் செலுத்திய தங்கம் எங்கே தங்கும், எப்போது வெளியேறும் என்பதை உறுதிப்படுத்த வேண்டியிருப்பதால், இம்முறையின் பெரும்பகுதி இன்னும் ஆய்வுக்கூடங்களிலேயே இருக்கிறது.

ஃபாரடே தம் கையால் தயாரித்த நீர்மங்களில் சில லண்டன் ராயல் கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவற்றின் சிவப்பு மாறவில்லை.