தச்சரைப் பாடிய முனிவர்

தம்பி, தங்கைகளே! பண்ருட்டி என்றதும் உங்களுக்குப் பலாப்பழம்தான் நினைவுக்கு வரும், இல்லையா? அதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம், கோணான்குப்பம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே பெரியநாயகி அன்னை ஆலயம் உண்டு. உள்ளே போய்ப் பார்த்தால் மாதா நம் ஊர் அம்மாக்களைப் போலச் சேலை கட்டி நிற்பார். அந்தக் காலத்தில் மாதா சிலை என்றால் வெளிநாட்டு உடையில்தான் இருக்கும். இவருக்குச் சேலை உடுத்தச் செய்தவர் யார் தெரியுமா?

அவர் இத்தாலி நாட்டுக்காரர். பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி காஸ்திக்லியோனே என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. அரச குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, ரோம் நகரில் கொள்ளை நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, 23 வயதிலேயே இறந்துபோன புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அங்கேதான். அந்தக் கதையைக் கேட்காமல் அவ்வூரில் எந்தக் குழந்தையும் வளர்ந்திருக்க முடியாது.

பெஸ்கி இயேசு சபையில் சேர்ந்து குருவானார். 1710-இல் கப்பலில் கோவா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு வந்துவிட்டார். அப்போது வயது முப்பது. லத்தீன் தெரியும், கிரேக்கம் தெரியும், இன்னும் பல மொழிகள் தெரியும். தமிழ் மட்டும் தெரியாது! முப்பது வயதில், அத்தனையும் படித்த ஒருவர், சின்னப் பையனைப் போல உட்கார்ந்து 'அ, ஆ' தொடங்கினார். சுப்ரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் இலக்கியம் கற்றார் என்பார்கள். தெரியாது என்று ஒப்புக்கொள்ள நம்மில் பலருக்கு எவ்வளவு கூச்சம்! அவருக்கு அது இல்லை.

கான்ஸ்டன்டைன் என்றால் உறுதியானவர் என்று பொருள். அதனால் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்னாளில் தமிழ் உலகம் வீரமாமுனிவர் என்று அழைத்தது. இப்போது ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்களா?

வேலை எளிதாக இல்லை. 1714-ஆம் ஆண்டு வாக்கில் திருநெல்வேலிப் பக்கம் குருக்கள்பட்டியில் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். மரண தண்டனை வரை போய் உயிர் தப்பினார். அதன் பிறகும் அவர் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ஏலாக்குறிச்சி, கோணான்குப்பம் என்று கிராமம் கிராமமாக மக்களோடு இருந்தார்.

கோணான்குப்பத்து மாதாவை நம் பெண்களின் உடையில் படமாக வரைந்து, மணிலா நகருக்கு அனுப்பி, சிலையாகச் செய்து வரவழைத்தார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். வயலில் களை எடுத்துவிட்டு வரும் ஒரு பாட்டி, அந்நிய நாட்டு மகாராணி முன் நிற்பதுபோல் மிரள வேண்டாம். தன் தாயிடம் பேசுவதுபோல் வேண்டிக்கொள்ளலாம். ஜெபம் செய்யப் பெரிய படிப்பு எதற்கு?

அம்மானை என்று ஒரு விளையாட்டு உண்டு. பெண்கள் காய்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே பாடுவார்கள். அந்தப் பாட்டு வகையிலேயே ஒரு புனிதப் பெண்ணின் கதையைக் 'கித்தேரி அம்மாள் அம்மானை' என்று பாடி வைத்தார், இந்தப் பெரும் பண்டிதர்.

அன்று குருமார்கள் மிகக் குறைவு. ஓர் ஊருக்குச் சாமியார் வந்து போனால், மறுபடி வர மாதக் கணக்கில் ஆகும். அதுவரை ஜெபம் சொல்லிக் கொடுப்பது, நோயாளியைப் பார்ப்பது, சண்டைக்காரர்களைச் சமாதானம் செய்வது எல்லாம் உபதேசியாரின் வேலை. அவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார். அடுத்தவருக்குப் போதிப்பவர் முதலில் தான் அப்படி நடக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

அவரது பெருங்காப்பியம் தேம்பாவணி. 3615 பாடல்கள்! காப்பியம் என்றால் அரசர்தானே தலைவர்? இதில் தலைவர் ஒரு தச்சுத் தொழிலாளி. இயேசுவை வளர்த்த சூசையப்பர். பைபிளில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சொன்ன வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போன மனிதர். அவருக்கு 'வளன்' என்று தமிழ்ப் பெயர் சூட்டி, அரசருக்குரிய அத்தனை அலங்காரத்தோடும் பாடினார் முனிவர்.

நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்த பரமார்த்த குரு கதையும் இவருடையதுதான். ஆற்றைக் கடந்தபின் எல்லோரையும் எண்ணிவிட்டுத் தன்னை எண்ண மறக்கிறார்களே, அந்த மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற சீடர்கள்! ஒரு குருவே உட்கார்ந்து, குருவையும் சீடர்களையும் கேலி செய்து எழுதியிருக்கிறார் பாருங்கள்.

இன்னொரு உதவியும் செய்தார். பழைய ஓலைகளில் 'பெய்' என்பதும் 'பேய்' என்பதும் ஒரே மாதிரி தோன்றும். குறில் எது என்று காட்ட எழுத்தின்மேல் புள்ளி வைக்க வேண்டும். அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் வைக்காமல் விட்டுவிடுவார்கள். மழை பெய்ததா, பேய் வந்ததா? படிப்பவர் பாடு திண்டாட்டம்! கொம்பில் ஒரு சுழி கூட்டி 'பே' என்று எழுதும் முறையைக் கொண்டுவந்தார். 1732-இல் 'சதுரகராதி' என்னும் அகராதியையும் செய்தார். அதற்கு முன் நம் நிகண்டுகள் பாட்டாக இருந்தன. மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். இதிலோ அகர வரிசையில் யாரும் தேடிக்கொள்ளலாம்.

அவர் பட்டு உடுத்தி, பல்லக்கில் ஆடம்பரமாகப் போனார் என்று சில புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அவர் இறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1822-இல் எழுதப்பட்ட ஒரு வரலாற்றிலிருந்து வந்த செய்தி அது. ஆராய்ச்சியாளர்கள் பலர் அதை அப்படியே நம்புவதில்லை. எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, கேரளத்தின் அம்பலக்காட்டில் அவர் காலமானார். தமிழ்நாட்டுக்கு வந்தபின் தாய்நாட்டை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. தேம்பாவணி வெகு காலம் ஓலையிலேயே கிடந்தது. பண்ருட்டிக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் அது அச்சேறத் தொடங்கியபோது ஆண்டு 1851. முனிவர் மறைந்து நூறு ஆண்டுகள் கடந்திருந்தன.