ரேமண்ட் சாண்ட்லர்

ரேமண்ட் தோர்ன்டன் சாண்ட்லர் (ஜூலை 23, 1888 - மார்ச் 26, 1959) ஓர் அமெரிக்கக் குற்றப்புனைவு எழுத்தாளர். பிலிப் மார்லோ என்னும் தனியார் துப்பறிவாளர் பாத்திரத்தை உருவாக்கியவர் இவரே. நடுத்தர வயதில் வேலையிழந்த பின்னரே துப்பறியும் கதை எழுதக் கற்றுக்கொண்ட இவர், மொத்தம் ஏழு புதினங்களை எழுதி முடித்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

சாண்ட்லர் சிகாகோ நகரில் பிறந்தார். இருப்புப்பாதைப் பொறியாளரான தந்தை குடும்பத்தைக் கைவிட்டதால், அயர்லாந்தைச் சேர்ந்த தாய் இவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். லண்டனிலுள்ள டல்லிச் கல்லூரியில் (பெயரளவில் கல்லூரியாயினும் இது ஒரு பள்ளி) இலத்தீனும் கிரேக்கமும் பயின்றார். 1912இல் அமெரிக்கா திரும்பினார். முதல் உலகப்போரில் கனடியப் படையில் பணியாற்றினார். 1924இல் தம்மைவிடப் பதினெட்டு வயது மூத்தவரான சிசி பாஸ்கல் என்பவரை மணந்தார். லாஸ் ஏஞ்சலஸ் எண்ணெய் நிறுவனமொன்றில் துணைத்தலைவர் நிலைவரை உயர்ந்த இவர், குடிப்பழக்கத்தாலும் பணிக்கு ஒழுங்காக வராமையாலும் 1932இல் நீக்கப்பட்டார். அது பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். அப்போது இவருக்கு வயது 44.

எழுதப் பழகிய விதம்

மலிவுத் தாளில் அச்சிடப்பட்ட "பல்ப்" கதை இதழ்களை இவர் அக்காலத்தில் வாசிக்கத் தொடங்கினார். படித்தபின் தூக்கி எறியக்கூடிய விலையில் கிடைத்தமையே முதற்காரணம். அவற்றுள் "பிளாக் மாஸ்க்" இதழின் கதைகளில், செயற்கைத்தனம் மிகுந்திருப்பினும், நேர்மையானதொரு வலிமை இருப்பதைக் கண்டார். பொழுதுபோக்காகத் தொடங்கிய வாசிப்பு விரைவில் பாடமாயிற்று. ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் கதையொன்றை எடுத்து, அதன் விரிவான சுருக்கத்தைத் தயாரித்து, அச்சுருக்கத்தைக் கொண்டு கதையைத் தாமே மீண்டும் எழுதுவார். பின்னர் மூலத்துடன் ஒப்பிட்டு, தம் எழுத்து எங்கே தளர்ந்தது என ஆராய்வார். ஓவிய மாணவர் பழைய ஓவியங்களைப் படியெடுத்துப் பழகுவதைப் போன்றது இது.

முதற்கதையை எழுத ஐந்து மாதங்கள் ஆயின. 18,000 சொற்கள் கொண்ட அக்கதை 1933 டிசம்பரில் "பிளாக் மாஸ்க்" இதழில் வெளிவந்தது. சொல்லுக்கு ஒரு சென்ட் வீதம் 180 டாலர் கிடைத்தது.

கதையின் ஓட்டத்தைத் தடுப்பதாகக் கருதி, இதழாசிரியர்கள் வருணனைகளை நீக்கிவந்தனர். வாசகர் செயலை மட்டுமே விரும்புவதாக நினைத்தாலும், அவர்களை உண்மையில் ஈர்ப்பது உரையாடலும் வருணனையும் எழுப்பும் உணர்ச்சியே என்பது சாண்ட்லரின் கருத்து.

புதினங்கள்

முதல் புதினமான "த பிக் ஸ்லீப்" 1939இல் வெளியானது. இதைச் சுமார் மூன்று மாதங்களில் எழுதினார். இவ்விரைவுக்குக் காரணம், தமது பழைய சிறுகதைகளை உடைத்து இணைத்தமையே. 1935இலும் 1936இலும் வெளியான இரு கதைகளே இதற்கு முதன்மை மூலங்கள். வெவ்வேறு கதைகளில் வந்த இரு தந்தையர் இதில் ஒரே மனிதராயினர். ஆர்க்கிட் மலர்கள் வளரும் வெப்பக்கூடத்தில் முதிய தளபதி துப்பறிவாளரைச் சந்திக்கும் காட்சி, சிறுகதையில் இருந்ததைவிடப் பெரிதும் விரிந்தது.

இம்முறையின் குறை கதைப்பின்னலில் தெரிகிறது. 1946இல் வெளியான இப்புதினத்தின் திரைப்படத்தைத் தயாரித்தவர்கள், கதையில் இறக்கும் காரோட்டியைக் கொன்றவர் யார் எனச் சாண்ட்லரிடமே கேட்டனர். அவருக்கும் விடை தெரியவில்லை. ஆயினும் புதினத்தைப் படிப்பவர் பலர் இக்குறையைக் கவனிப்பதேயில்லை. ஒவ்வொரு காட்சியும் தன்னளவில் நிறைவாக அமைந்திருப்பதே அதற்குக் காரணம் எனலாம்.

"பேர்வெல், மை லவ்லி" (1940), "த லேடி இன் த லேக்" (1943) ஆகியவையும் பழைய கதைகளிலிருந்து உருவானவையே. அவ்வாறு பயன்படுத்திய கதைகளைத் தம் வாழ்நாளில் மறுபதிப்புச் செய்ய இவர் இசையவில்லை. அவை 1964இல்தான் நூலாக வந்தன. "த லாங் குட்பை" (1953) இவரது சிறந்த படைப்பாகப் பலராலும் கருதப்படுகிறது.

கட்டுரையும் திரைக்கதையும்

1944இல் "அட்லாண்டிக் மன்த்லி" இதழில் வெளியான "த சிம்பிள் ஆர்ட் ஆஃப் மர்டர்" என்ற கட்டுரையில், புதிர்வகைத் துப்பறியும் கதைகளை இவர் கடுமையாகத் திறனாய்ந்தார். ஏ. ஏ. மில்ன் எழுதிய புதினமொன்றை எடுத்துக்கொண்டு, அது எங்கெங்கே நம்பத்தகாதது எனப் படிப்படியாகக் காட்டினார். அதற்கு மாறாக, கொலையை உண்மையான காரணங்களுக்காகச் செய்யும் மனிதர்களிடமே மீட்டளித்தவர் என டாஷியல் ஹாமெட்டைப் போற்றினார். சொந்தக் கதையில் காரோட்டியின் கொலையாளியை அறியாதவர் பிறரின் தருக்கப் பிழைகளை எண்ணியது சற்று முரணே.

பில்லி வைல்டருடன் சேர்ந்து எழுதிய "டபுள் இண்டெம்னிட்டி" (1944) திரைக்கதை ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இறுதிக் காலம்

1954 டிசம்பரில் மனைவி இறந்தபின் சாண்ட்லர் மீண்டும் பெருங்குடிக்கு ஆளானார். 1958இல் கடைசிப் புதினமான "பிளேபேக்" வெளிவந்தது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் லா ஹோயாவில் காலமானார். உடல் சான் டியேகோவில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற நான்கு அத்தியாயங்களை ராபர்ட் பி. பார்க்கர் நிறைவுசெய்து 1989இல் "பூடில் ஸ்பிரிங்ஸ்" என வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேறோரிடத்தில் வைக்கப்பட்டிருந்த சிசியின் சாம்பல், நீதிமன்ற அனுமதியுடன் 2011 பிப்ரவரியில் கணவரின் கல்லறையில் சேர்க்கப்பட்டது.