நம்பிக்கை என்னும் பூட்டு

நுழையும்முன்

வீட்டின் முன்கதவுக்குப் புதிய பூட்டு வாங்கும்போது நாம் உலோகத்தை மட்டும் வாங்குவதில்லை. அதனைச் செய்தவரின் நேர்மையையும் நம்பி வாங்குகிறோம். நேர்மையின் பொருட்டு இரு தொழில்களை இழந்து, மூன்றாம் தொழிலில் அந்த நேர்மையையே முதலாக்கி வென்ற ஒருவரின் வாழ்க்கை வரலாறு இப்பாடம்.

மலைவீட்டுக் கதவுகள்

நீலகிரியில் ஆண்டின் பல மாதங்கள் மழையும் மூடுபனியும் சூழ்ந்திருக்கும். உதகை, குன்னூர் வீடுகளிலும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் இரும்புப் பொருள்கள் எளிதில் துருவேறும். சாவி சுழலாமல் சிக்கிக்கொண்டால் பூட்டைக் கழற்றி மாற்ற வேண்டும். சாவி தொலைந்தாலும், வீட்டில் குடியிருப்போர் மாறினாலும் அவ்வாறே செய்ய வேண்டும். இவ்விடர்கள் மலைநாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. நூறாண்டுகளுக்கு முன்னரே இவற்றுக்குத் தீர்வு கண்டவர், பம்பாயில் வாழ்ந்த ஆர்தேசிர் கோத்ரெஜ்.

இழந்த இரு தொழில்கள்

ஆர்தேசிர் 1868ஆம் ஆண்டு பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார், சட்டம் பயின்றார். இளம்வயதிலேயே மனைவியை இழந்த அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1894ஆம் ஆண்டு வழக்கொன்றை நடத்துவதற்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாருக்கு அனுப்பப்பட்டார். வழக்கில் வெல்ல உண்மையைத் திரித்துக் கூறவேண்டிய நிலை எழுந்தது. அதற்கு உடன்படாத அவர், வழக்கறிஞர் தொழிலையே துறந்து தாயகம் திரும்பினார்.

பின்னர், தந்தையின் நண்பர் மெர்வாஞ்சி காமாவிடம் 3000 ரூபாய் கடன் பெற்று அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்தார். அவற்றின் தரத்தை ஆங்கிலேய வணிகர் ஏற்றார். ஆயினும், இந்தியாவில் செய்தவை என்னும் குறிப்பை அவற்றின்மீது பொறிக்க அவர் இசையவில்லை. பிறந்த நாட்டை மறைத்துப் பொருளை விற்க ஆர்தேசிரும் இசையவில்லை. இரண்டாம் தொழிலும் அத்துடன் முடிந்தது.

மூன்றாம் முயற்சி

அக்காலத்தில் பம்பாயில் வீடு புகுந்து திருடுதல் பெருகியது. அதுபற்றிய நாளிதழ்ச் செய்தி ஆர்தேசிரின் சிந்தனையைத் தூண்டியது. மீண்டும் காமாவிடமே கடன் பெற்று, 1897ஆம் ஆண்டு லால்பாக் பகுதியில் ஒரு சிறு கொட்டகையில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். குஜராத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் கைத்திறன் மிக்க தொழிலாளர்களை வரவழைத்தார். ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டைத் திறவாது என்பதற்கு அச்சிட்ட உறுதிமொழியும் வழங்கினார்.

அவர் உருவாக்கிய ஒரு பூட்டுக்கு இரு சாவிகள் இருந்தன. இரண்டாவது சாவியால் பூட்டின் உள்ளமைப்பை மாற்றிவிட்டால், முதற்சாவி பயனற்றுப்போகும். எனவே, சாவி பிறர் கைக்குச் சென்றாலும் கதவிலுள்ள பூட்டைக் கழற்ற வேண்டியதில்லை. மற்றொரு பூட்டு, எவரேனும் வேறு சாவியிட்டுத் திறக்க முயன்றிருந்தால் அதனை உரியவருக்குக் காட்டிக்கொடுக்கும்.

வில்லில்லாப் பூட்டு

அக்காலப் பூட்டுகளுள் பல, அடுக்கடுக்கான தகடுகளால் இயங்கின. ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்குச் சாவி உயர்த்தினால்தான் தாழ் நகரும். உயர்ந்த தகடுகளை மீண்டும் பழைய நிலைக்குத் தள்ளுபவை ஸ்பிரிங் எனப்படும் சிறு விற்கள். ஒரு வில் துருவேறியோ தேய்ந்தோ ஒடிந்தால், உரிய சாவியை வைத்திருப்பவரும் தம் வீட்டுக்கு வெளியே நிற்க நேரிடும். இக்குறையைக் களைய விற்களே இல்லாத பூட்டை வடிவமைத்த ஆர்தேசிர், 1909ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். ஈரக்காற்று நிறைந்த நீலகிரி போன்ற இடங்களில் வாழ்வோருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

தெரியுமா?

சாவி என்பது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். அதற்கு இணையான தமிழ்ச்சொல் திறவுகோல்.

நாட்டுப்பணி

பூட்டுகளைத் தொடர்ந்து, தீயைத் தாங்கும் இரும்புப் பெட்டகங்களையும் அவர் செய்தார். விலங்குக் கொழுப்பைத் தவிர்த்து, தாவர எண்ணெயிலிருந்து சோப்பு தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் வழங்கினார். 1928ஆம் ஆண்டு நிறுவனத்தைத் தம்பி பிரோஜ்ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு, நாசிக் சென்று வேளாண்மையில் ஈடுபட்டார். 1936ஆம் ஆண்டு மறைந்தார்.

விடுதலை பெற்ற இந்தியா 1951-52இல் தன் முதல் பொதுத்தேர்தலை நடத்தியபோது, பல லட்சம் எஃகு வாக்குப்பெட்டிகள் அவர் தொடங்கிய நிறுவனத்தில் உருவாயின. மக்கள் தம் வாக்குகளை நம்பி இட்ட பெட்டிகள் அவை. நேர்மை அவருக்கு முதலில் இழப்பையே தந்தது. ஆயினும் அவர் அதனைக் கைவிடவில்லை. பின்னாளில் நாடு அவருடைய நிறுவனத்தின்மீது வைத்த நம்பிக்கைக்கு அந்த நேர்மையே அடித்தளமாயிற்று.