கைகளிடம் கற்ற பொறி

நுழையும் முன்

நாள்தோறும் காலையில் காலணியை அணிந்து, நாடாவை இறுக்கிக் கட்டிப் பள்ளிக்குப் புறப்படுகிறோம். அக்காலணியின் முன்பகுதி அழகாக வளைந்து நம் விரல்களை மூடியிருக்கிறது. அந்த வளைவை உருவாக்குவதே காலணித் தொழிலில் மிகக் கடினமான வேலையாக நெடுங்காலம் இருந்தது. அவ்வேலையைச் செய்யும் பொறியைப் படைத்தவர், மொழி அறியாத ஊருக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஓர் இளைஞர். யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர் என்னும் அவரது வாழ்க்கையை இப்பாடத்தில் படிப்போம்.

பிறப்பும் இளமையும்

தென் அமெரிக்கக் கண்டத்தின் வடகரையில் சுரிநாம் என்னும் சிறிய நாடு உள்ளது. அந்நாடு டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த காலத்தில், அதன் தலைநகரான பரமாரிபோவில் 1852ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாட்செலிகர் பிறந்தார். தந்தை ஐரோப்பியப் பொறியாளர். தாய் ஆப்பிரிக்க வழிவந்த கறுப்பினப் பெண். சுரிநாமில் அடிமை முறை 1863ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. ஆகவே, தாயின் இனத்தார் விலைக்கு விற்கப்பட்ட மண்ணிலேயே அவரது குழந்தைப் பருவம் கழிந்தது. மிக இளம் வயதிலேயே தாயைப் பிரிந்து, தந்தையின் உடன்பிறந்தவரான அத்தையின் வீட்டில் வளர்ந்தார்.

பத்து வயதில் அவர் தந்தையின் மேற்பார்வையில் இருந்த பொறிப்பட்டறைக்குள் அடியெடுத்து வைத்தார். சக்கரம் சுழல்வது எதனால், ஒரு நெம்புகோலை அசைத்தால் மற்றொன்று அசைவது எவ்வாறு என்பவற்றையெல்லாம் அங்கே கண்ணால் கண்டு கற்றார். பழுதுபட்ட பொறிகளைப் பிரித்து, உறுப்புகளைத் துடைத்து, மீண்டும் பொருத்தும் திறன் அவருக்கு எளிதில் கைவந்தது.

கடல் கடந்த பயணம்

பத்தொன்பதாம் வயதில் அவர் ஊரை விட்டுப் புறப்பட்டு, ஒரு வணிகக் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்தார். ஏறத்தாழ ஈராண்டுகள் கடலில் கழித்தபின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள பிலடெல்பியா நகரில் இறங்கினார். அவர் அறிந்திருந்த டச்சு மொழி அங்கே பயன்படவில்லை. ஆங்கிலமோ அவருக்குச் சில சொற்களே தெரியும். பொறிகளைப் பற்றி நன்கு அறிந்திருந்தும், கறுப்பினத்தவர் என்பதால் தகுந்த வேலை எளிதில் கிட்டவில்லை. கிடைத்த சிறு வேலைகளைச் செய்து காலம் தள்ளினார். அவ்வேலைகளுள் ஒன்றாகக் காலணித் தொழிலும் அவருக்கு அறிமுகமாயிற்று.

1877ஆம் ஆண்டில் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லின் என்னும் நகரை அடைந்தார். அக்காலத்தில் லின் நகரம் காலணிக்குப் பெயர்பெற்றது. அங்கே ஒரு காலணித் தொழிற்சாலையில் அடித்தோலைத் தைக்கும் பொறியை இயக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது.

பகலில் பத்து மணி நேர வேலை. மாலையில் இரவுப் பள்ளி. அங்கே அவர் ஆங்கிலம் கற்றார். மொழி வசப்பட்டதும் இயற்பியல் நூல்களையும் பொறியியல் நூல்களையும் தேடிப் படித்தார். பழைய வரைகருவிகளை வாங்கிப் பொறிப்படம் வரையப் பழகினார். ஓய்வு நேரத்தில் ஓவியமும் தீட்டினார்.

வழிபாட்டுக்காக அவர் நாடிச் சென்ற தேவாலயங்கள் சில, நிறத்தைக் காரணமாகக் கொண்டு அவரை ஏற்கவில்லை. இறுதியில் ஒரு தேவாலயத்தின் இளைஞர் குழு அவரைத் தம்முள் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. உறவினர் ஒருவரும் இல்லாத ஊரில் அவருக்குக் கிடைத்த நட்பு வட்டம் அதுவே.

இயந்திரம் தொடாத ஒரு வேலை

அவரது கண்டுபிடிப்பின் அருமையை உணர, காலணி உருவாகும் முறையை நாம் அறிதல் வேண்டும்.

காலணிக்கு மூன்று முதன்மையான பகுதிகள் உண்டு. காலின் மேற்புறத்தை மூடுவது மேல்தோல். பாதம் படிவது உள்ளடித்தோல். தரையில் படுவது அடித்தோல். மேல்தோலின் துண்டுகளை வெட்டித் தைத்தபின், அது தொளதொளவென்று வடிவமின்றி இருக்கும். பாதத்தின் வடிவில் செதுக்கிய கட்டைக்குக் கால் அச்சு என்று பெயர். உள்ளடித்தோலை அச்சின் அடியில் பொருத்தி, மேல்தோலை அச்சின்மேல் போர்த்தி, அதன் விளிம்பைக் குறட்டால் பிடித்து இழுத்து, அடிப்புறமாக மடித்துச் சிற்றாணிகளால் அறைய வேண்டும். இதனை அச்சேற்றுதல் என்பர். இன்று தொழிற்சாலைகளில் லாஸ்டிங் என்று அழைப்பதும் இதனையே.

இழுப்பு குறைந்தால் காலணி சுருங்கித் தொங்கும். மிகுந்தால் தோல் கிழியும். குதிகாலிலும் விரல் முனையிலும் இது இன்னும் கடினம். அங்கே தோல் வளைவதால் விளிம்பு மிகுதியாகிவிடும். அதனைச் சிறுசிறு மடிப்புகளாகச் சேர்த்து, வெளியே ஒரு சுருக்கமும் தெரியாதவாறு படியவைக்க வேண்டும். ஒரு தோல் தடித்திருக்கும். மற்றொரு தோல் மெலிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இழுப்பு வேண்டும் என்பதைத் தொழிலாளியின் விரல்களே அறியும்.

அதற்கு முன்பே மேல்தோலைத் தைக்கும் பொறியும் அடித்தோலைத் தைக்கும் பொறியும் வந்துவிட்டன. அச்சேற்றும் வேலை மட்டும் கைகளிடமே இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உழைத்தால் ஏறத்தாழ 50 இணைகளை அச்சேற்ற முடியும். ஏனைய பொறிகள் எவ்வளவு விரைவாக ஓடினாலும், எல்லாக் காலணிகளும் இவர்கள் முன் வந்து காத்துக்கிடந்தன. அதனால் இத்தொழிலாளர்களுக்கு ஊதியமும் மதிப்பும் மிகுதி. அவர்கள் வேலையை நிறுத்தினால் தொழிற்சாலையே நின்றுவிடும். இவ்வேலையை எந்தப் பொறியாலும் செய்ய இயலாது என்று அவர்கள் உறுதியாக நம்பினர். முன்னர் முயன்றோர் பலர் தோற்றிருந்தமையால், அந்நம்பிக்கையில் தவறும் இல்லை.

மரத்துண்டும் கம்பியும்

மாட்செலிகர் வேலையின் இடையே அத்தொழிலாளர்களின் கைகளை உற்று நோக்கினார். குறடு தோலை எங்கே பிடிக்கிறது, மணிக்கட்டு எப்பக்கம் திரும்புகிறது, எந்த நொடியில் ஆணி இறங்குகிறது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டார். இரவில் தம் அறைக்குத் திரும்பியதும், கண்டவற்றைப் படமாக வரைந்தார். கைகள் செய்யும் ஒவ்வோர் அசைவுக்கும் இணையான ஓர் உறுப்பைப் பொறியில் அமைப்பதே அவரது வழி.

முதல் மாதிரியைச் செய்ய அவரிடம் பணம் இல்லை. சுருட்டுப் பெட்டியின் மரத்துண்டுகள், கம்பி, ஆணி ஆகியவற்றைக் கொண்டே ஆறு மாதத்தில் அதனைச் செய்து முடித்தார். அம்மாதிரி காலணி எதையும் செய்யாது. ஆயினும் தம் எண்ணம் சரியானதே என்பதை அதனால் அவர் அறிந்துகொண்டார். ஒருவர் அதற்கு 50 டாலர் தர முன்வந்தார். மாட்செலிகர் மறுத்துவிட்டார்.

அடுத்து இரும்பில் செய்ய வேண்டும். பழைய உலைக்களம் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பிறர் எறிந்த பொறிகளின் உறுப்புகளைத் திரட்டினார். போதாதவற்றைத் தாமே அடித்து உருவாக்கினார். உறுப்புகளுக்குப் பணம் சேர்ப்பதற்காக, நாளொன்றுக்கு ஐந்து சென்ட் அளவுக்கு உணவுச் செலவைக் குறைத்தார். சோளமாவுக் கூழே பெரும்பாலும் அவரது உணவாயிற்று. விரல் முனையில் தோலை மடிக்கும் பகுதிக்கு மட்டும் 1500 டாலர் தருவதாக ஒருவர் கூறியபோதும் அவர் அதனை விற்கவில்லை.

எனினும் முழுமையான பொறியைச் செய்ய அப்பணம் போதவில்லை. அவ்வூரைச் சேர்ந்த இருவர் பொருளுதவி செய்ய இசைந்தனர். ஈடாகக் கண்டுபிடிப்பின் உரிமையில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றுக்கொண்டனர். தமக்கு ஒரு பங்கே மிஞ்சும் என்பதை அறிந்தே மாட்செலிகர் அதற்கு உடன்பட்டார்.

காப்புரிமையும் வெற்றியும்

பொறியின் படங்களைக் காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அப்படங்கள் மிகவும் சிக்கலாக இருந்தமையால் அலுவலர்களுக்கு எளிதில் விளங்கவில்லை. பொறியை நேரில் காண்பதற்காக ஓர் அலுவலரே லின் நகருக்கு வந்தார். 1883ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், 274207 என்னும் எண்ணுடைய காப்புரிமை அவருக்கு வழங்கப்பட்டது.

மாட்செலிகர் அத்துடன் நின்றுவிடவில்லை. மேலும் ஈராண்டுகள் பொறியைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1885ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் தொழிற்சாலையில் முறையான சோதனை நடைபெற்றது. பொறி அச்சைத் தாங்கிப் பிடித்தது, குறடு மேல்தோலை இழுத்து விளிம்பில் மடித்தது, ஆணி இறங்கியது, அச்சு சிறிதே நகர்ந்தது, குறடு மீண்டும் பற்றியது. இவ்வாறு 75 இணை மகளிர் காலணிகள் ஒரு பழுதுமின்றி அச்சேறின.

பொறி செம்மையுற்றபின் நாளொன்றுக்கு 150 முதல் 700 இணைகள் வரை அச்சேற்ற முடிந்தது. காலணியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஓரிணையையே பல ஆண்டுகள் தைத்துத் தைத்து அணிந்த எளிய மக்களும் நல்ல காலணி வாங்கும் காலம் வந்தது.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. பல்லாண்டுப் பயிற்சியால் பெற்ற கைத்திறனை நம்பி வாழ்ந்த தொழிலாளர்களுக்கு இப்பொறி பேரிடியாயிற்று. அவர்களுள் சிலர் பொறியை இயக்கக் கற்றனர். சிலர் வேலையை இழந்தனர். எந்தக் கைகளைப் பார்த்துப் பொறி கற்றதோ, அந்தக் கைகளுக்கு அது எளிதாக நன்றி செலுத்திவிடவில்லை. ஒரு கண்டுபிடிப்பைப் போற்றும்போது இதனையும் நாம் மறத்தல் ஆகாது.

இறுதி நாட்கள்

நெடுநாள் அரைவயிற்று உணவும் ஓயாத உழைப்பும் அவரது உடலைத் தளரச் செய்திருந்தன. 1886ஆம் ஆண்டில் காசநோய் அவரைப் பற்றியது. அக்காலத்தில் அந்நோய்க்குத் தக்க மருந்து இல்லை. படுக்கையில் இருந்தபோதும் அவர் படம் வரைவதை விடவில்லை. 1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், முப்பத்தேழாம் வயது நிறைவதற்கு முன்பே லின் நகரில் காலமானார்.

நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளின் ஒரு பகுதியை, தம்மை ஏற்றுக்கொண்ட தேவாலயத்துக்கே அவர் எழுதிவைத்திருந்தார். பின்னாளில் அத்தேவாலயத்தின் கடன் அப்பணத்தால் அடைந்தது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவரது உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

ஆக்ராவிலும் கான்பூரிலும், நம் தமிழ்நாட்டின் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் இன்று காலணித் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அங்கே அச்சேற்றும் பொறியின்முன் நிற்கும் தொழிலாளி, புதிய அச்சு வரும்போதெல்லாம் குறட்டின் பிடியையும் இழுப்பின் அளவையும் திருத்தி அமைக்கிறார். முதல் இணையைக் கையில் எடுத்துச் சுருக்கம் உள்ளதா என்று விரலால் தடவிப் பார்த்தபின்னரே பொறியை ஓடவிடுகிறார். பொறி வந்தபின்னும் விரல்களின் அறிவு தேவைப்படுகிறது. அவ்வறிவை மதித்துக் கற்றவர் மாட்செலிகர்.

அருஞ்சொற்பொருள்

பொறி – இயந்திரம்
நெம்புகோல் – கனமான பொருளை அசைக்க உதவும் கோல்
குறடு – பற்றி இழுக்கும் கருவி
இணை – சோடி
உலைக்களம் – இரும்பைக் காய்ச்சி அடிக்கும் இடம்
காப்புரிமை – கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் தனி உரிமை
ஈடாக – பதிலாக

பயிற்சிகள்

அ. ஓரிரு சொற்களில் விடை தருக.
1. மாட்செலிகர் பிறந்த நகரம் எது?
2. பாதத்தின் வடிவில் செதுக்கிய கட்டையின் பெயர் என்ன?
3. காப்புரிமை வழங்கப்பட்ட ஆண்டு யாது?

ஆ. ஐந்து வரிகளில் விடை எழுதுக.
1. விரல் முனையில் தோலை அச்சேற்றுவது கடினமாக இருந்தது ஏன்?
2. 50 டாலரை மறுத்தவர், பின்னர் மூன்றில் இரண்டு பங்கை விட்டுக்கொடுத்தது ஏன்?
3. இப்பொறியால் நன்மை பெற்றோர் யாவர்? துன்புற்றோர் யாவர்?

இ. பிரித்து எழுதுக.
தொழிற்சாலை, காலணி, காப்புரிமை, பல்லாண்டு

ஈ. கலந்துரையாடுக.
புதிய ஊருக்கு வந்தபோது அவ்வூர் மொழியைக் கற்க உம் பெற்றோர் என்ன செய்தனர்? அவர்களிடம் தமிழிலேயே கேட்டறிந்து, வகுப்பில் கூறுக.

உ. செயல்பாடு
உம் தெருவில் காலணி செப்பனிடுபவரிடம் சென்று, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களை அவ்வூர் மொழியில் கேட்டு எழுதுக. அவற்றுக்குரிய தமிழ்ப் பெயர்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு அருகில் எழுதுக.